ஊசியும் மகாராணிகளும்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லாரும் ஊசி என்றே கூப்பிட்டார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி என்பது ஒரு காரணம். வாய் இன்னொரு காரணம். கூட்டத்தில் யாராவது எதையாவது அளந்துவிட்டால், "அது எப்படித் தெரியும்?" என்று மெதுவாக ஒரு கேள்வி கேட்பாள், பேசியவருக்குக் காற்று போய்விடும். மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ஒரு நாள் அங்கே வந்த அவள் கணவர், வாசலில் இருந்தவர் "ஊசியைப் பார்க்கணுமா?" என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் லிப்ட் மெக்கானிக். பொருத்தமாக உட்கார்ந்துவிட்ட எதையும் கழற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்றிலிருந்து வீட்டிலும் அவள் ஊசிதான்.

படித்தது கால்நடை மருத்துவம். படிப்பு முடிந்ததும் ஒரு செல்லப்பிராணி மருத்துவமனையில் சேர்ந்து நாய்க்கும் பூனைக்கும் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஒரு சிறுமி தன் கம்பளித் தொப்பிக்குள் வெள்ளெலி ஒன்றை வைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து நின்றாள். எலியின் வயிற்றோரம் ஒரு கட்டி, கடலை அளவுக்கு. பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார். "விரல் நீளம்கூட இல்லாத ஜீவனுக்கு எங்கேம்மா ஆபரேஷன் பண்றது?" ஊசி கையை விரிக்கவில்லை. கண் மருத்துவர்கள் பயன்படுத்தும் மெல்லிய இடுக்கி ஒன்றை இரவல் வாங்கிவந்து அந்தக் கட்டியை எடுத்தாள். எலி பிழைத்தது, அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் சக்கரத்தில் ஓடியதாம். இவ்வளவு சின்ன உடம்புக்குள் தன் கை நடுங்காமல் போய்வருகிறது என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டு, எலிகளின் இனப்பெருக்கம் பற்றி ஆராயும் ஒரு பேராசிரியரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள்.

எலி வீடு கட்டடத்தின் கடைசித் தளத்தில் இருந்தது. இரண்டு கதவுகள், நடுவில் ஒரு சின்ன அறை. அங்கே செருப்பைக் கழற்றி, வேறு உடை, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே சுவரோடு சுவராக இரும்பு அடுக்குகள். அடுக்கு நிறைய, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மரச்சீவல் மெத்தை, தலைகீழாக ஒரு தண்ணீர்ப் புட்டி, இரண்டு மூன்று எலிகள். காற்றாடி ஓயாமல் இரையும். மரத்தூளும் ஈரமும் கலந்த ஒரு வாடை, வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் தலைமுடியில் தங்கும். அத்தனை பெட்டிகளையும் கழுவி மாற்றித் தீனி போட்டு வந்த மனிதரைக் கூண்டுக்காரர் என்பார்கள். முன்பு கப்பலில் சமையல் செய்தவர். உரக்கப் பாடுவார், ஆனால் எலிகள் பயப்படும்படி அல்ல.

மகாராணிகள் என்று பெயர் வைத்தது அவர்தான். ஒரு குறிப்பிட்ட கறுப்பு எலிக் குடும்பத்தில், பல தலைமுறைக்கு முன்னால், ஒரு மரபணுவில் ஓர் எழுத்து தானாகவே மாறிப்போயிருந்தது. அந்த மாற்றம் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பக்கமாக மட்டும் வந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் வந்து சேர்ந்துவிட்டால், அந்தக் குட்டி பால் மறந்த கையோடு பெருக்க ஆரம்பித்துவிடும். கூடப்பிறந்தவை துள்ளிக்கொண்டிருக்க, இவை மூலையில் பந்துபோல உட்கார்ந்து உலகத்தைப் பார்க்கும். "நகர்றதுக்குக்கூட ஆள் வேணும்னு உக்காந்திருக்காங்க பாருங்க மகாராணிங்க" என்பார் கூண்டுக்காரர்.

மகாராணிகளுக்குப் பிள்ளை பிறப்பதில்லை. ஆண் துணையோடு மாதக்கணக்கில் விட்டுவைத்தாலும் ஒன்றும் நடக்காது. பேராசிரியர் அவற்றின் சூலகங்களை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்திருந்தார். முட்டைகள் இருந்தன, ஆனால் பழுக்கவில்லை. சூலகமே கெட்டுவிட்டது, அந்த மரபணு சூலகத்துக்கானது என்று அவர் ஒரு கட்டுரையும் எழுதியிருந்தார். அவர் அவசரக்காரர் இல்லை. கையில் இருந்ததை வைத்து அப்படித்தான் சொல்ல முடியும். ஊசியிடம் அவர் கொடுத்த வேலை, அந்தச் சூலகம் எந்த இடத்தில் கெடுகிறது என்று கண்டுபிடிப்பது.

வீட்டில் ஒரு பெரிய மனுஷி உண்டு, கணவரின் அக்கா. பெரிய மனுஷி என்றால் எல்லா வகையிலும்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். வண்டியில் அவள் ஏறினால் ஒரு பக்கம் இறங்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமாகி வெகு காலம் ஆகியும் குழந்தை இல்லை. விடுமுறை நாளில் தாய்வீட்டுக்குச் சாப்பிட வருவாள். வந்தால் போதும், ஊசியின் மாமியார் தட்டைக் கண்ணாலேயே அளக்கத் தொடங்கிவிடுவார்.

"இன்னும் ஒரு கரண்டியா? வாயைக் கட்டினா உடம்பு இறங்கும். உடம்பு இறங்கினா வயித்துல ஒண்ணு தங்கும். டாக்டரா சொல்லணும் இதை?"

"அம்மா, தம்பி என்னைவிட ரெண்டு மடங்கு தின்னுட்டான். அவனைக் கேளேன்."

"அவன் ஏணியில ஏறி இறங்கறவன்."

அக்கா சிரித்துக்கொண்டே தட்டைத் தள்ளிவைப்பாள். ஊசி அதைப் பல தடவை பார்த்தாள். மாமியார் பொல்லாதவர் அல்ல; மகளுக்காக அழுது அழுது கோபமாகிப்போனவர். அதனால் ஊசிக்கு யாரிடமும் சண்டைக்குப் போகத் தோன்றவில்லை. ஆனால் அந்த வாக்கியம் அவளைக் குடைந்தது. வாயைக் கட்டினால் உடம்பு இறங்கும் என்பது எப்படித் தெரியும்?

இதை எலிகளிடம் கேட்டுப்பார்க்கலாமே என்று நினைத்தாள். பால் மறந்த மகாராணிகள் சிலவற்றைத் தனித்தனிப் பெட்டியில் வைத்தாள். பக்கத்துப் பெட்டிகளில் அவற்றின் ஒல்லிச் சகோதரிகள். ஒல்லிகள் ஒரு நாள் எவ்வளவு தின்கின்றனவோ அதை நிறுத்துப் பார்த்து, அதே அளவைத்தான் மறுநாள் மகாராணிகளுக்கும் போட்டாள். ஒரு துணுக்குக்கூட அதிகமில்லை. வாரங்கள் ஓடின. மகாராணிகள் முன்போல மலையாகப் பெருக்கவில்லைதான். ஆனால் ஒல்லியும் ஆகவில்லை. அதே தீனி தின்ற சகோதரிகளைவிட நன்றாகவே பருத்திருந்தன.

இன்னொன்றும் கையில் தட்டுப்பட்டது. எடை பார்க்க ஒல்லி எலியைத் தூக்கினால் உள்ளங்கையில் ஒரு சூடு இருக்கும். மகாராணியைத் தூக்கினால் அந்தச் சூடு குறைவு. சின்ன வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது அதுவும் உறுதியானது. தின்பதைச் சூடாகச் செலவழிக்க வேண்டிய உடம்பு, செலவழிக்காமல் பூட்டிப் பூட்டி வைத்துக்கொண்டிருந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்ட உடம்பு எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படி. தோலுக்கடியில் அத்தனை கொழுப்பை வைத்துக்கொண்டு.

பஞ்சம் என்ற சொல் அவள் மனதில் விழுந்ததும் அவளுக்கு மற்றதும் புரிவதுபோல இருந்தது. பஞ்சத்தில் எந்த உடம்பு பிள்ளை பெற முன்வரும்? சூலகத்தில் குறையே இல்லாமல், மேலே மூளையிலிருந்து "இப்போது வேண்டாம்" என்று உத்தரவு மட்டும் வந்துகொண்டிருந்தால்?

பேராசிரியரின் அறைக்குப் போனாள். அவர் வேறொரு செய்தியோடு காத்திருந்தார்.

"நல்லவேளை வந்தீங்கம்மா. மகாராணிகளை வளர்க்கறதையே மூடிடலாம்னு இருக்கேன். இடம் பத்தல. அதுங்க தானாப் பெருகாது. பார்க்க ஒண்ணுமே தெரியாத அண்ணன் தங்கச்சிங்களைச் சேர்த்துச் சேர்த்து, நாலுல ஒண்ணு கிடைக்குமான்னு காத்திருக்க வேண்டியிருக்கு. சூலகம் கெட்டதுன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே என்ன இருக்கு?"

"சார், சூலகம் கெட்டதுன்னு எப்படித் தெரியும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கேள்வியை ஊசி மற்றவர்களிடம் கேட்பதை அவர் பார்த்திருக்கிறார். தன்னிடம் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"பழுக்காத முட்டையை நான் கண்ணால பார்த்திருக்கேனே."

"பழுக்கலைன்னு பார்த்தீங்க. பழுக்காதுன்னு பார்க்கலையே. அந்த ஓவரியை எடுத்து நல்ல உடம்புல வச்சுப் பார்த்தா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எலியோட ஓவரி என்ன அளவு இருக்கும் தெரியுமில்ல?"

"கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு."

"அதை எடுத்து இன்னொண்ணுக்குள்ள வைக்கணும். கை யாருக்கு இருக்கு?"

ஊசி இரண்டு கையையும் மேசைமேல் வைத்தாள். பேராசிரியர் சிரித்துவிட்டார். மூடுவதைத் தள்ளிவைத்தார்.

திட்டம் இதுதான். மகாராணிகள் கறுப்பு. அதே வம்சத்தில், நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும் வெள்ளை எலிகளும் அங்கே இருந்தன. ஒரே வம்சம் என்பதால் ஒன்றின் உறுப்பை இன்னொன்றின் உடம்பு தள்ளாது. வெள்ளைத் தாயின் சூலகங்களை நீக்கிவிட்டு மகாராணியின் சூலகத்தை வைப்பது. வெள்ளை ஆணோடு சேர்ப்பது. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வெள்ளைதான் பிறக்கும். கறுப்புக் குட்டி பிறந்தால், அது மகாராணியின் முட்டையிலிருந்து வந்தது என்று வேறு சாட்சி வேண்டாம். நாள்கணக்கில் மயிர் முளைக்கக் காத்திருக்கவும் தேவையில்லை. எல்லா எலிக்குட்டியும் மயிரில்லாமல், கண் மூடி, ரோஜா நிறத்தில்தான் பிறக்கும். ஆனால் கறுப்பு இனத்துக் குட்டிக்கு மூடிய இமைத் தோலுக்கடியில் கண் கரும்புள்ளியாகத் தெரியும். வெள்ளைக் குட்டிக்குத் தெரியாது.

அறுவைகளைத் தொடங்கிய காலத்தில்தான் அவளுக்கு மணிக்கட்டில் அரிப்பு வந்தது. பிறகு தும்மல். பிறகு, எலி வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். டாக்டர் தோலில் குத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலியோட வாடையே உங்க உடம்புக்கு ஆகல. இந்த வேலை பாக்குறவங்களுக்கு வர்றதுதான். வேற வேலை இருந்தா மாறிடுங்க."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் அவள் கையில் தடித்திருந்த சிவப்பைத் தடவிப் பார்த்தார்.

"விட்டுடறியா?"

"எலிங்க என்னைக் கைவிட்டா விடறேன். நானா விடமாட்டேன்."

"அதுங்கதான் உன்னைத் துரத்துதே."

"குண்டுங்க. துரத்த முடியாது."

முகத்தை முழுக்க மூடி, இடுப்பில் கட்டிய சின்ன மோட்டார் வடிகட்டிய காற்றை ஊதிவிடும் ஒரு தலைக்கவசத்தைப் பேராசிரியர் அவளுக்கு வரவழைத்தார். அதை மாட்டிக்கொண்டு அவள் நடந்தால் நிலாவில் இறங்கியவள்போல இருக்கும். கூண்டுக்காரர் அவளைக் கண்டதும் ஒரு சலாம் வைப்பார். அந்தக் கவசத்துக்குள் வியர்த்து வழிய, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழையைவிட மெல்லிய நூலால் அவள் தைத்தாள். வெள்ளை எலியின் சூலகத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பை இருக்கும். அதில் சிறு கீறல் போட்டு, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, இளம் மகாராணி ஒன்றின் சூலகத்தை உள்ளே நழுவவிட வேண்டும். மூச்சு கொஞ்சம் பலமாக விட்டாலும் கை தப்பும்.

முதல் சுற்றில் சில தாய்கள் சினைப்படவே இல்லை. ஒன்று பட்டது. குட்டிகள் பிறந்த காலையில் ஊசி பெட்டியருகே குனிந்தாள். அத்தனையும் ரோஜா நிறம். ஒன்றின் இமையிலும் புள்ளி இல்லை. வெள்ளைக் குட்டிகள்.

பேராசிரியர் மெதுவாகத்தான் சொன்னார். "நட்ட ஓவரி வேலை செய்யலை. நம்ம சந்தேகம் தீர்ந்துபோச்சு, இல்லையாம்மா?"

"இல்ல சார். இந்தக் குட்டிங்க எங்கேயிருந்து வந்துச்சு? தாயோட சொந்த ஓவரியை நான் முழுசா எடுக்கலை. ஒரு துணுக்கு தங்கியிருக்கு, அது முந்திக்கிச்சு. தப்பு என் கையில. ஓவரியைக் குத்தம் சொல்ல முடியாது."

தன் கைமேல் பழி போட்டுக்கொள்ள அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. அதனால்தான் பேராசிரியர் இன்னொரு சுற்றுக்குத் தலையாட்டினார்.

இரண்டாவது சுற்றில் அவள் ஒவ்வொரு தாய்க்கும் இருமடங்கு நேரம் எடுத்துக்கொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடைசித் துணுக்கு வரை தேடி எடுத்தாள். கடைசி எலிக்குத் தையல் போட்டு முடித்த பகலில் கவசத்தின் மோட்டார் நின்றுபோயிருந்தது, அவள் கவனிக்கவில்லை. முடிச்சை இறுக்கி, நூலை வெட்டி, எலியைச் சூடான துணியில் படுக்கவைத்துவிட்டு எழுந்தவள் சுவரைப் பிடித்தபடி சரிந்தாள். கூண்டுக்காரர்தான் வாரித் தூக்கி வெளியே கொண்டுவந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மருத்துவமனையில் மூக்கில் காற்றுக்குழாயோடு கண் விழித்ததும், அருகே இருந்த கணவரிடம் அவள் கேட்டது, "எலி எழுந்துடுச்சா?"

"எழுந்து தண்ணி குடிச்சுதாம். நீ குடி முதல்ல" என்றார் அவர்.

அதன் பிறகு எலி வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஊசி எதிர்த்துப் பேசவில்லை. நடு அறைக்கும் எலி வீட்டுக்கும் இடையே உள்ள கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். வெள்ளைத் தாய்களில் இரண்டு வயிறு கனத்து நடப்பதைக் கூண்டுக்காரர் கையால் அபிநயம் பிடித்துக் காட்டுவார்.

ஒரு காலை அவர் கண்ணாடிக்குள்ளிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். குட்டி போட்டுவிட்டது. ஊசி எழுந்து மூக்கு நசுங்கக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள். அவர் பெட்டியைத் திறந்து குட்டிகளை எடுத்துக் காட்டப் போனார். ஊசி கத்தினாள். "தொடாதீங்க! தொட்டா தாய் தின்னுடும்!" கதவு கனமானது, காற்றாடி இரைச்சல் வேறு. அவர் "நல்லதா?" என்பதுபோலச் சிரித்துக்கொண்டே மூடியில் கைவைத்தார். ஊசி இரண்டு கைகளையும் பெருக்கல் குறிபோல மாற்றி மாற்றி ஆட்டினாள். தன் கையைத் தானே கடித்துத் தின்பதுபோல நடித்தாள். அவர் திகைத்து நின்றார். பிறகு புரிந்துகொண்டு மூடியிலிருந்து கையை எடுத்தார்.

அவருக்குத்தான் அந்த யோசனை வந்தது. பெட்டியை அப்படியே அசையாமல் தூக்கிக் கண்ணாடிக்கு நேராக, தலைக்கு மேலே பிடித்தார். அடிப்பக்கமும் உள்ளே தெரியும் பிளாஸ்டிக்தான். தாய் சீவலை ஒதுக்கி, மூலையில் கூடு கட்டியிருந்தது. கூட்டின் அடியில், பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் படுத்திருந்தன குட்டிகள்; ரோஜா நிறம், சுண்டுவிரல் நகம்போல. கண்ணாடி வழியாக, பிளாஸ்டிக் வழியாக ஊசி பார்த்தாள். ஒன்றின் தலை இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மூடிய இமைக்கடியில் ஒரு கரும்புள்ளி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் புள்ளி.

கூண்டுக்காரர் பெட்டியைத் தாங்கியபடியே உதட்டசைவில் கேட்டார்: கறுப்பா?

ஊசி தலையாட்டினாள். முக்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். கூண்டுக்காரர் பெட்டியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, பாட ஆரம்பித்துவிட்டார். வாய் அசைவது தெரிந்தது, பாட்டுக் கேட்கவில்லை.

பேராசிரியர் வந்து பார்த்தார். கண்ணாடியருகே அவரும் மூக்கை வைத்துக் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது, "இத்தனை வருஷமா நல்ல ஓவரியைக் கெட்டதுன்னு சொல்லிட்டிருந்திருக்கேன்" என்றார். "நானே எழுதிடறேன்மா, அது தப்புன்னு. உங்க பேர் முதல்ல வரும்."

"கொஞ்சம் பொறுங்க சார். இந்தக் குட்டிங்க வளரட்டும். இதுங்களுக்குள்ள சேர்த்தா மகாராணி பிறக்கணும். பிறந்தாத்தான் நிச்சயம்."

பிறந்தன. அதற்கப்புறம்தான் கட்டுரை போனது.

அது வெளிவந்ததும் ஒரு செய்தித்தாள்காரர் வந்து பேட்டி எடுத்தார். மறுநாள் "குண்டுப் பெண்களின் மலட்டுத்தனத்துக்கு மருந்து" என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். ஊசிக்கு ரத்தம் கொதித்தது. போனில் ஆசிரியரைப் பிடித்தாள். "நான் எலியைப் பத்திப் பேசினேன். மருந்துன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அந்த 'மலட்டு'ங்கற வார்த்தையை நான் வாயிலகூட எடுக்கலை." திருத்தம் மூன்றாம் பக்கத்து மூலையில், கொட்டை எழுத்தில் இல்லாமல் வந்தது.

ஆனால் அக்கா அந்த முதல் செய்தியைத்தான் படித்திருந்தாள். வண்டியை நேரே ஆய்வுக்கூட வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். "எனக்கு உன் மகாராணியைப் பார்க்கணும்." ஊசி கண்ணாடிச் சதுரம் வரை கூட்டிப்போனாள். கூண்டுக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினார். மகாராணி முன்னங்காலால் முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"இவ அதிகமாத் தின்னுதான் இப்படி ஆனாளா?"

"இல்லக்கா. கூடப்பிறந்தவ தின்ன அளவுதான் தின்னா. அப்பவும் இப்படித்தான் ஆனா."

அக்கா கண்ணாடியில் ஒரு விரலை வைத்தாள். "புள்ளை இல்லையான்னு இவளை யாராவது கேக்கறாங்களா?"

"இங்க யாரும் கேக்கறதில்ல."

"குடுத்து வச்சவ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் இதுதானா?" என்று கேட்டாள்.

ஆம் என்று சொல்ல ஊசிக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! "தெரியாதுக்கா. இது எலிக்கு வந்த ஒரு மாத்தம். மனுஷ உடம்பு பருக்கறதுக்கு நூறு காரணம் இருக்கும். உங்களுக்கு எதுன்னு பார்க்காம யாரும் சொல்ல முடியாது. பார்த்தவுடனே வாயைக் கட்டுன்னு சொல்றவங்களுக்கும் தெரியாது. நாளைக்கு நாம போய்ப் பார்க்கலாமா?"

போனார்கள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர், சுரப்பி ஒன்று மந்தமாக இருக்கிறது, வெகு காலமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார். மகாராணியின் மரபணுவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாத்திரையில் அக்காவின் அசதி போனது, குரல் தெளிந்தது, உடம்பு கொஞ்சம்தான் இறங்கியது. குழந்தை வரவில்லை. அந்த வயதுக்கு இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் பூப்போலச் சொன்னார். அக்கா அன்றைக்கு அழுதாள். அடுத்த விடுமுறை நாள் சாப்பாட்டுக்கு எப்போதும்போல வந்தாள். மாமியார் தானாகவே கரண்டியை எடுத்து, மகள் தட்டில் இன்னொரு தடவை பரிமாறினார். கணவர் மட்டும், "எனக்கு?" என்று தட்டை நீட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மகாராணிகள் கதை அதோடு நிற்கவில்லை. சூலகம் நல்லது என்றால், உத்தரவு தப்பாக வருகிறது. ஏன்? உடம்பில் சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் ஏதோ ஒரு ஹார்மோனைக் கொழுப்பே சுரக்கிறது; மகாராணியின் கொழுப்பால் அதைச் சுரக்க முடியவில்லை; ஆகவே களஞ்சியம் நிரம்பி வழிந்தாலும் மூளைக்குப் பஞ்சம்தான் என்று ஊசி சந்தேகப்பட்டாள். அப்படியானால் ஒல்லிச் சகோதரியின் கொழுப்பில் ஒரு சிட்டிகை எடுத்து மகாராணியின் தோலுக்கடியில் வைத்தால் சேதி போய்ச் சேர வேண்டும்.

கூட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது சிரிக்காதவர் இல்லை. "குண்டெலியை இளைக்க வைக்க இன்னும் கொழுப்பு வைக்கறதா?"

"ஆமா" என்றாள் ஊசி.

அவளை எலி வீட்டுக்குள் விடமுடியாதே; அதற்கும் வழி பிறந்தது. வேறு தளத்தில் ஒரு காலி அறையில், மேசைமேல் இருக்கும் காற்றை உடனுக்குடன் உறிஞ்சி வெளியேற்றும் ஓர் அமைப்பை நிறுவ முடிவானது. கட்டடத்துப் பொறியாளர் போட்டுக்கொடுத்தார். ஆனால் மேசை அதிர்ந்தது. அந்த அதிர்வில் எலிக்குத் தையல் போட முடியாது. லிப்ட் மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் ஒரு பகல் முழுக்க மோட்டாருக்கடியில் மல்லாந்து படுத்து, ரப்பர் துண்டுகளைச் செருகி, ஒரு கோப்பைத் தண்ணீரை மேசைமேல் வைத்துக் காட்டினார். தண்ணீர் அசையவில்லை. "முப்பது மாடி ஏத்தி இறக்கறவன்யா நான்" என்று பொறியாளரின் தோளில் தட்டினார்.

அந்த மேசையில்தான், டாக்டர் அனுமதித்த கொஞ்ச நேரம் கொஞ்ச நேரமாக, ஊசி சில மகாராணிகளுக்கு அந்தச் சிட்டிகைக் கொழுப்பை வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவை தீனியை மிச்சம் வைக்கத் தொடங்கின. உடம்பு சூடானது. பந்துகள் மெல்ல எலிகளாயின. ஒரு நாள் கூண்டுக்காரர் கண்ணாடி வழியாகச் சக்கரத்தைக் காட்டினார். ஒரு மகாராணி அதில் ஏறி ஓடிக்கொண்டிருந்தாள். எல்லாம் அப்படி ஆகவில்லை. சிலவற்றில் வைத்த கொழுப்பு கரைந்து மறைந்துவிட்டது. அவை பழையபடியே மூலையில் உட்கார்ந்தன. ஆனால் இளைத்தவற்றில் ஒன்று, தன் சொந்த வயிற்றில், தன் சொந்தச் சூலகத்திலிருந்து, குட்டிகள் போட்டது. பேராசிரியர் ஓய்வு பெறும் வருஷம் அது. தன் பிரிவுபசாரத்தில் அவர் வேறு எதையும் பற்றிப் பேசவில்லை.

மாமியாருக்கு இப்போது எலி விஷயத்தில் எல்லாம் தெரியும். மருத்துவமனை வரிசையில், பஸ்ஸில், யாராவது ஒரு பருத்த பெண்ணைப் பார்த்து ஜாடை பேசினால் போதும், திரும்பி உட்கார்ந்துவிடுவார். "இந்தாம்மா, அவ தின்னா பருத்தா? கொழுப்பு மூளைகிட்டப் பேசணும், தெரியுமா? பேசலைன்னா அவ என்ன செய்வா? எங்க மருமக எலியை வச்சு நிரூபிச்சிருக்கா."

"அத்தை, அது எல்லாருக்கும் பொருந்தாது. அந்த ஒரு மாத்தம் இருக்கற எலிக்கு மட்டும்தான்" என்று ஊசி காதோரம் சொல்வாள்.

"நீ சும்மா இரு. இவளுக்கு அவ்வளவு போதும்."

ஊசி சும்மா இருக்க மாட்டாள். அந்த அம்மாவிடமே திரும்பி, எது தெரியும், எது இன்னும் தெரியாது என்று முதலிலிருந்து விளக்கத் தொடங்குவாள். இறங்க வேண்டிய இடம் போய்விடும். மாமியார் தலையிலடித்துக்கொண்டு அவளை இழுத்து இறக்கி, இரண்டு பேரும் ஒரு நிறுத்தம் பின்னால் நடந்து வருவார்கள்.